வன்னியில் பிள்ளைக்குப் பகல்நேரப் பராமரிப்புத் தேடும் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் பெரும்பாலான முன்பள்ளிகள் காலை எட்டு மணியளவில் தொடங்கி நண்பகலை அண்டி முடிந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தாய் தையல் இயந்திரத்தின் முன்னே இருப்பார். கண்ணிவெடி அகற்றும் பணிக்குப் போகும் தாய் விடியும் முன்பே வாகனம் ஏறி, வெயில் ஏறிய பின்னும் வயல்வெளி ஒன்றில் மண்டியிட்டிருப்பார். கூலி வேலைக்கு நாற்று நடப் போனவர் வரம்பிலிருந்து ஏறியிருக்க மாட்டார். பிள்ளைப் பராமரிப்பைத் தேடுவது என்றால் முன்பள்ளியைத் தேடுவது என்றே எங்களில் பலர் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் தேட வேண்டியது நண்பகலுக்கும் மாலைக்கும் இடைப்பட்ட அந்த நான்கைந்து மணித்தியாலங்களைத்தான். அதைப் புரிந்துகொள்ளாமல் என் மகளுக்காக நான் ஏறி இறங்கிய படிகள் அதிகம். ஒரு பணிமனையில் முன்பள்ளிகளின் பட்டியலைத் தந்து அனுப்பினார்கள். நான் கேட்டது அதுதான் என்பதால் அவர்கள்மீது குறை சொல்லவும் முடியவில்லை. பின்னால் வருபவர்கள் அதே சுற்றைச் சுற்றக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

லண்டனில் இருக்கும் உறவினர்கள் "கவுன்சிலுக்கு ஒரு கோல் எடுத்தால் சொல்லுவார்கள்தானே" என்று கேட்பதுண்டு. அங்கே 2006 ஆம் ஆண்டின் சிறுவர் பராமரிப்புச் சட்டம், அந்தந்த இடத்துப் பராமரிப்பு வசதிகள் பற்றிய தகவலைப் பெற்றோருக்குக் கொடுக்கும் கடமையை உள்ளூராட்சி மன்றத்தின்மீது சுமத்தியிருக்கிறது. அமெரிக்காவிலும் 1990 இல் தொடங்கிய கூட்டரசு நிதித் திட்டத்தின் துணையுடன், பெற்றோரை அருகிலுள்ள பராமரிப்பு இடங்களுக்கு ஆற்றுப்படுத்தும் அமைப்புகள் இயங்குகின்றன. எங்களிடம் அப்படி ஒரே கதவு இல்லை. ஆனால் தகவல் இல்லை என்று சொல்லவும் முடியாது. அது சுகாதாரப் பணிமனையிலும் பிரதேச செயலகத்திலும் வலயக் கல்விப் பணிமனையிலும் பிரதேச சபையிலுமாகத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதைச் சரியான ஒழுங்கில் ஒன்றுசேர்ப்பதே பெற்றோரின் வேலையாகிறது.

முதலாவது படி: வீட்டிலிருந்தே தேவையை எழுதிக்கொள்ளுதல்

பணிமனைக்குப் போகும் முன் ஒரு கொப்பித் தாளில் நான்கு விடயங்களை எழுதுங்கள். பிள்ளையின் வயது, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை பராமரிப்புத் தேவை, ஆண்டு முழுவதும் தேவையா அல்லது சில மாதங்களுக்கு மட்டுமா, நடந்தோ சைக்கிளிலோ எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட முடியும் என்பவையே அவை. இது சிறிய வேலையாகத் தோன்றும். ஆனால் உத்தியோகத்தர் ஒருவர் உங்களுக்கு உதவ முடியுமா முடியாதா என்பது இந்த நான்கு விடைகளிலேயே தங்கியிருக்கிறது.

வயதுதான் முதலில் பார்க்கப்படும். முன்பள்ளி மூன்று வயது நிறைந்த பிள்ளைகளுக்கானது. ஐந்து வயது நிறைந்ததும் முதலாம் தரத்துக்குப் போய்விடுவார்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையமோ வீட்டில் வைத்துப் பார்க்கும் ஒருவரோதான் வழி. பாடசாலை போகும் பிள்ளைகளையும் மறந்துவிட வேண்டாம். பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணிக்கு முடிகிறது. ஆரம்ப வகுப்புகளை அதற்கு முன்பே விட்டுவிடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை வெறும் வீட்டுக்குத் திரும்பி வருவதும், ஒன்பது வயது அக்கா மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் எங்கள் ஊர்களில் வழக்கமாகிவிட்டது என்பதற்காக அதைப் பராமரிப்பு என்று சொல்லிவிட முடியாது.

பருவத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காலபோக அறுவடையும் சிறுபோக விதைப்பும் வரும்போது கூலி வேலை குவியும். மற்ற மாதங்களில் தாய் வீட்டில் இருப்பார். அப்படியான குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் மாதக் கட்டணம் கட்டும் நிலையம் பொருந்தாது. அயலில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து செய்யும் ஏற்பாடே பொருந்தும். அதைப் பின்னர் விளக்குகிறேன்.

இரண்டாவது படி: கிளினிக்கிலிருந்து தொடங்குதல்

பலர் நேரே பிரதேச செயலகத்துக்குப் போகிறார்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது நாங்கள் மிட்வைஃப் என்று அழைக்கும் அம்மாவிடம் முதலில் பேசுவதே நல்லது என்பது என் முடிவு. தன் பகுதியில் எந்த வீட்டில் எத்தனை வயதுப் பிள்ளை இருக்கிறது என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு போகிறவர் என்பதால், எந்த அம்மம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்கிறார், எந்த நிலையத்தில் பிள்ளைகளின் நிறை குறையாமல் இருக்கிறது, எங்கே போகும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம் வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியவரும். இந்த அறிவு எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. நிறை பார்க்கும் நாளில் கூட்டம் குறைந்த பிறகு, "மிஸ், நான் வேலைக்குப் போகப் போறன், பிள்ளையைப் பகலில் விட நம்பிக்கையான இடம் ஏதும் இந்தப் பக்கம் இருக்கா?" என்று நேராகவே கேளுங்கள்.

கிளினிக் கொப்பியைச் சரிபார்க்கவும் இதுவே தருணம். ஆண்பிள்ளைக்கு நீலத்திலும் பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பிலும் தரப்படும் அந்தக் கொப்பியை ஒழுங்காக நடக்கும் எந்த நிலையமும் கேட்கும். கேட்காத நிலையத்தைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டும். இலங்கையின் தடுப்பூசி அட்டவணைப்படி பிறந்தவுடன் பி.சி.ஜி., இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியும் போலியோவும், ஒன்பதாம் மாதத்தில் சின்னமுத்து உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான ஊசி, பன்னிரண்டாம் மாதத்தில் யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, பதினெட்டாம் மாதத்தில் முக்கூட்டு ஊசியும் போலியோவும், மூன்று வயதில் சின்னமுத்து உள்ளிட்ட ஊசியின் இரண்டாம் தடவை என்று வரும். ஒன்று விடுபட்டிருந்தால் பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு சேர்க்கும் முன் போட்டுவிடுங்கள்.

பிள்ளையின் நிறை குறைவாக இருந்தால் கிளினிக் ஊடாக திரிபோஷா என்ற சத்துமா தரப்படுகிறது. அந்தப் பொட்டலம் வீட்டில் எல்லோருக்கும் பகிரப்பட்டுவிடுவது எங்கள் வீடுகளின் உண்மை. பகலில் பிள்ளை வேறிடத்தில் இருக்கப்போகிறது என்றால், அதன் பங்கை ஒரு டப்பாவில் போட்டுப் பராமரிப்பவரிடமே கொடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது படி: பிரதேச செயலகத்தில் யாரைச் சந்திப்பது

பிரதேச செயலகத்துக்குப் போனால் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். மகளிர் மற்றும் சிறுவர் விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சின் கீழ் இயங்கும் சிறுவர் செயலகத்தின் வேலைகளைப் பிரதேச மட்டத்தில் செய்பவர் அவர்தான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் முன்பள்ளிகள், பகல்நேர நிலையங்கள், பெற்றோருக்கான விழிப்புணர்வு வகுப்புகள் எல்லாம் அவருடைய பொறுப்புக்குள் வருகின்றன. அதே கட்டடத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருப்பார்கள். பிள்ளையின் பாதுகாப்பில் ஐயம் இருந்தால் முதலாமவரும், தனித்து நின்று குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்ணுக்கு இரண்டாமவரும், மாற்றுத்திறனுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு மூன்றாமவரும் கூடுதலாக உதவக்கூடியவர்கள். பெயர்ப் பலகையைப் பார்த்துக் குழம்பாமல், விசாரணைப் பீடத்தில் பதவியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

எந்தப் பிரதேச செயலகம் என்பதிலும் கவனம் வேண்டும். கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என நான்கு பிரிவுகள் இருக்கின்றன. முல்லைத்தீவில் கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா என ஆறு. நீங்கள் ஒரு பிரிவில் குடியிருந்து இன்னொரு பிரிவில் வேலை செய்பவராக இருந்தால் இரண்டு செயலகங்களிலும் கேட்க வேண்டும், ஏனெனில் ஒருவரிடம் மற்றப் பிரிவின் விபரம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வேலையிடத்துக்கு அருகே பிள்ளை இருப்பது பாலூட்டும் தாய்க்கு வசதி. வீட்டுக்கு அருகே இருப்பது, தாய் வரப் பிந்தினால் உறவினர் போய்க் கூட்டிவர வசதி. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதலாவதையும், அதற்கு மேற்பட்டதற்கு இரண்டாவதையும் நான் விரும்புவேன்.

வெளிக்கள உத்தியோகத்தர்கள் எல்லா நாளும் கதிரையில் இருக்க மாட்டார்கள். பொதுமக்களைச் சந்திப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட நாள் எது என்று கிராம அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிஞ்சும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, உங்கள் தேசிய அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, வேலை செய்யும் இடத்தின் கடிதம் இருந்தால் அது, கூடவே முதலாம் படியில் எழுதிய தாள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். "பிள்ளையைச் சேர்க்க இடம் இருக்கா?" என்று கேட்டால் முன்பள்ளியின் பெயர்தான் வரும். அதற்குப் பதிலாக, இந்தப் பிரிவில் நண்பகலுக்குப் பிறகும் பிள்ளைகளை வைத்திருக்கும் பதிவு செய்யப்பட்ட நிலையங்கள் எவை, அவை எந்த வயதிலிருந்து சேர்க்கின்றன, எத்தனை மணிக்கு மூடுகின்றன, கடைசியாக அவற்றை யார் எப்போது போய்ப் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. பதிவு என்பது ஒரு நாளில் நடப்பது. நிலையம் ஒவ்வொரு நாளும் நடப்பது. பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களுக்கென்று தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை வழிகாட்டல்களை வெளியிட்டிருக்கிறது. உங்கள் பிரிவிலுள்ள நிலையங்கள் அவற்றின்படி நடக்கின்றனவா என்று கேட்பது உத்தியோகத்தரைச் சோதிப்பதாகாது. அவரும் சொல்லக் கடமைப்பட்ட விடயம்தான் அது.

எந்த நிலையமும் இல்லை என்ற பதில் வரலாம். குளக்கட்டுகளை ஒட்டிய உட்கிராமங்களில் பெரும்பாலும் அந்தப் பதில்தான் வரும். அப்போதும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். உங்கள் தேவையை அவருடைய குறிப்பில் எழுதிவைக்கும்படி கேளுங்கள். கேட்டு வந்தவர்களின் எண்ணிக்கை எழுத்தில் இல்லாத இடத்தில் தேவையே இல்லை என்றுதான் மேலே அறிக்கை போகும்.

நான்காவது படி: முன்பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ளுதல்

மூன்று வயது நிறைந்த பிள்ளைக்குக் காலைப் பொழுதை முன்பள்ளி பார்த்துக்கொள்ளும். முன்பள்ளிகள் பற்றிய விபரம் வலயக் கல்விப் பணிமனையின் முன்பள்ளிப் பிரிவில் இருக்கும். முல்லைத்தீவு மாவட்டத்தவர்கள் தங்கள் ஊர் முல்லைத்தீவு வலயமா துணுக்காய் வலயமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வன்னி முன்பள்ளிகளை நடத்துபவர்கள் பலதரப்பட்டவர்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சனசமூக நிலையம், தேவாலயம், கோயில், பிரதேச சபை, தனியார் என்று பலர் நடத்துகிறார்கள். போருக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிவில் பாதுகாப்புத் திணைக்களமும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பல முன்பள்ளிகளை நடத்தியது. சங்கம் நடத்தும் முன்பள்ளியில் ஆசிரியரின் கொடுப்பனவு மிகக் குறைவு, அதனால் ஆசிரியர் அடிக்கடி மாறுவார். திணைக்களச் சம்பளம் பெற்றவர்கள் நிலைத்து நின்றார்கள், ஆனால் பாதுகாப்புத் துறை முன்பள்ளி நடத்தலாமா என்ற கேள்வி மாகாணத்தில் நெடுங்காலம் எழுந்துகொண்டே இருந்தது. யார் நடத்துகிறார்கள், ஆசிரியர் எத்தனை ஆண்டு அங்கே இருக்கிறார் என்ற இரண்டையும் கேட்டறிவது பெற்றோரின் உரிமை.

ஐந்தாவது படி: பணம்

பகல்நேரப் பராமரிப்புக்கென்று குடும்பத்தின் கையில் கொடுக்கப்படும் பொதுவான அரச மானியத்தை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். இருக்கும் உதவிகள் சுற்றி வளைத்துத்தான் வருகின்றன. வறிய குடும்பங்களுக்கான சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தில், 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாயும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாயும் என்று தொகை உயர்த்தப்பட்டது. இது பராமரிப்புக்கான பணம் அல்ல என்றாலும், பெயர் பட்டியலில் இருக்க வேண்டிய குடும்பம் விடுபட்டிருந்தால் அதைத் திருத்துவதும் இதே பிரதேச செயலகப் பயணத்தில் முடிக்க வேண்டிய வேலையே. முன்பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கான தொகையை 60 ரூபாயிலிருந்து 100 ரூபாயாக உயர்த்துவதாக 2025 வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. உங்கள் பிள்ளையின் முன்பள்ளி அந்தத் திட்டத்துக்குள் வருகிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

தொழில் செய்யும் தாய்க்குச் சட்டம் தரும் உரிமையும் ஒருவகைப் பராமரிப்பு உதவிதான். 2018 இல் சட்டம் திருத்தப்பட்ட பின் தனியார் துறையிலும் எத்தனையாவது பிள்ளை என்ற வேறுபாடின்றி 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. தொழிற்சாலை போன்ற இடங்களுக்குப் பொருந்தும் மகப்பேற்று நலன்கள் சட்டத்தின்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை ஒன்பது மணித்தியால வேலை நாளில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் கொடுக்கப்பட வேண்டும். வேலைத்தலத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். வேலைக்குச் சேரும் நாளிலேயே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். சேர்ந்து மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்பது கடினம். இந்த உரிமை மறுக்கப்பட்டால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

ஆறாவது படி: இடத்தை நேரில் போய்ப் பார்த்தல்

இந்தப் படியைத் தவறவிடுபவர்கள் பலர் என்பதாலும், இதைத் தவறவிட்டால் முன்னைய படிகளால் பயனில்லை என்பதாலும் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். சொல்லிவிட்டு ஒருமுறை போங்கள். சொல்லாமல் ஒருமுறை போங்கள். இரண்டாவது முறை பிற்பகல் இரண்டு மணிக்குப் போக வேண்டும். காலையில் எந்த நிலையமும் அழகாகத்தான் இருக்கும். சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் சினந்து அழும் அந்த வெக்கை நேரத்தில் பராமரிப்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே உண்மையான நிலையம்.

வன்னியில் முதலில் பார்க்க வேண்டியது கிணறு. வளவுக்குள் கட்டில்லாத கிணறோ, மூடப்படாத குழியோ, மதில் தாண்டினால் வாய்க்காலோ இருந்தால், எவ்வளவு அன்பான இடமாக இருந்தாலும் அங்கே பிள்ளையை விடாதீர்கள். தவழும் பிள்ளைக்குத் தண்ணீர் நிறைந்த வாளியே ஆபத்து. அடுத்தது படலை. இரண்டு வயதுப் பிள்ளையால் திறக்க முடியாத கொளுவி அதில் இருக்கிறதா, வீதிக்குப் பிள்ளை இறங்கினால் யார் கண்ணில் படும் என்று பாருங்கள். அதன் பின் பற்றைகள். பாம்பு வரும் இடங்களில் வளவு துப்புரவாக இருக்க வேண்டும், விறகும் ஓட்டுக் குவியலும் பிள்ளை விளையாடும் பக்கம் இருக்கக் கூடாது. தகரக் கூரை போட்ட அறை மதியத்தில் எவ்வளவு கொதிக்கும் என்று அந்த இரண்டு மணி வருகையில் நீங்களே உணர்வீர்கள். அங்கே பிள்ளை உறங்க முடியுமா, மர நிழல் இருக்கிறதா, மின்சாரம் போனால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.

போர் நடந்த மண் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிதாகத் துப்புரவாக்கிய காணிகளில் இன்றும் வெடிபொருட்கள் தென்படுவதுண்டு. பிள்ளைகள் வளவுக்கு வெளியே போகிறார்களா, அறியாத உலோகப் பொருளைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார்களா என்பதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

குடிநீர் எங்கிருந்து வருகிறது, கொதிக்க வைக்கிறார்களா, கழிப்பறை பிள்ளையின் உயரத்துக்கு ஏற்றதா, அடுப்படி பிள்ளைகள் இருக்கும் அறையிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஐயம் இருந்தால் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேட்கலாம். உணவும் நீரும் சுகாதாரமும் அவருடைய வேலை.

பராமரிப்பவரைப் பற்றிக் கேட்பதற்கு எங்கள் பண்பாட்டில் கூச்சம் அதிகம். வயதில் மூத்த அக்காவிடம் "நீங்கள் பயிற்சி பெற்றவரா, உங்களைப் பற்றிக் கிராம அலுவலர் அல்லது பொலிஸ் தந்த சான்றிதழ் இருக்கா?" என்று கேட்க வாய் வராது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அக்கா, குறை நினைக்காதையுங்கோ, இவளின் தகப்பன் விபரம் எல்லாம் எழுதி வைக்கச் சொன்னவர்." பிள்ளைகளுக்காகத் தன் நாளைக் கொடுப்பவர் இதற்குக் கோபிக்க மாட்டார். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பேர், வீட்டிலுள்ள மற்ற ஆண்கள் பெண்கள் யார் யார், பகலில் யார் வந்து போவார்கள், ஒருவர் சுகவீனமானால் பதிலாக யார் என்பனவும் தெரிய வேண்டும். தவழும் வயதில் நான்கு பிள்ளைகளை ஒருவர் பார்ப்பதே பாரம் என்பது என் கருத்து. அதற்கு மேல் என்றால் நான் விடமாட்டேன்.

ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்: எந்த நேரத்திலும் முன்னறிவித்தல் இன்றி வந்து பிள்ளையைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இருக்க வேண்டும். "உறங்கும் நேரம், பிறகு வாருங்கள்" என்று படலையில் வைத்தே திருப்பும் இடம் சரியான இடமல்ல.

ஏழாவது படி: நிலையமே இல்லாத ஊரில்

மாந்தை கிழக்கிலும் ஒட்டுசுட்டானின் உட்பகுதிகளிலும் முத்தையன்கட்டுப் பக்கமும் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன பலவும் தொலைவில் உள்ளவை. அவர்கள் செய்யக்கூடியது இரண்டு.

ஒன்று, முன்பள்ளி முடியும் நேரத்திலிருந்து பொறுப்பேற்கும் அயல் ஏற்பாடு. மூன்று அல்லது நான்கு குடும்பங்கள் சேர்ந்து, வேலைக்குப் போகாத ஒரு தாயையோ அம்மம்மாவையோ பொறுப்பாக்கி, ஆளுக்கு இவ்வளவு என்று மாதம் கொடுப்பது. அல்லது வயல் வேலைக் காலத்தில் தாய்மாரே நாள் மாறிப் பார்ப்பது. உறவுக்குள்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டால் இரண்டாம் மாதத்தில் மனத்தாங்கல் வரும். எந்த மணிக்குக் கூட்டி வருவது, சாப்பாடு யார் கொடுப்பது, காய்ச்சல் வந்தால் யாருக்கு முதலில் சொல்வது, பிந்தினால் என்ன, பணம் எந்தத் திகதியில் என்பதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். முன்பள்ளி ஆசிரியருக்கு, பிள்ளையைக் கூட்டிச்செல்ல அனுமதி உள்ளவர்களின் பெயர்களை எழுத்தில் கொடுங்கள். வேறு யார் வந்தாலும் விடக் கூடாது என்று சொல்லுங்கள். இப்படி ஓர் ஏற்பாடு நடக்கிறது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவித்து வைத்தால் வெளியிலிருந்து ஒரு கண் இருக்கும்.

மற்றது, நிலையம் ஒன்றைக் கேட்டு எழுதுவது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தில் விடயத்தை எடுத்து, வேலைக்குப் போகும் அல்லது பராமரிப்பு இல்லாததால் போக முடியாத தாய்மாரின் பெயர், பிள்ளைகளின் வயது, தேவையான நேரம் ஆகியவற்றை அட்டவணையாக்கி, பிரதேச செயலாளருக்கும் பிரதேச சபைத் தவிசாளருக்கும் கடிதம் கொடுங்கள். புதிய கட்டடம் கேட்பதிலும் பார்க்க, நண்பகலில் பூட்டப்படும் முன்பள்ளிக் கட்டடத்தை மாலை வரை திறந்து வைக்க இன்னொரு பராமரிப்பாளரைக் கேட்பதே நிறைவேறக்கூடிய கோரிக்கை. கட்டடமும் கழிப்பறையும் கிணறும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. இல்லாதது பிற்பகலுக்கான ஓர் ஆளும் அவருடைய சம்பளமும் மட்டும்தான்.

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். பிரதேச செயலகம், பிரதேச சபை, வலயக் கல்விப் பணிமனை எல்லாவற்றிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் பிரிவில் பதிவான பராமரிப்பு நிலையங்களின் பட்டியல், கடைசியாகப் பரிசோதித்த திகதி, அந்த ஆண்டு முன்பிள்ளைப்பருவ வேலைகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், மேன்முறையீட்டை முதலில் கேட்பதற்கென்று அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக எண்ணும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதை ஆராயும் குடும்பப் பின்னணி அறிக்கை முறை 2013 இல் கொண்டுவரப்பட்டது. அதன் விதிகள் பின்னர் மாற்றப்பட்டிருக்கின்றன. முகவர் சொல்வதை நம்பாமல், இப்போதுள்ள விதி என்ன என்று பிரதேச செயலகத்தில் நேரில் கேளுங்கள். பொறுப்பேற்பவரின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், அவர் இரண்டு மாதமாவது நீங்கள் இருக்கும்போதே பிள்ளையைப் பார்த்துப் பழக வேண்டும்.

எட்டாவது படி: ஏதோ சரியில்லை என்று தோன்றினால்

போகும்போது வழக்கத்துக்கு மாறாக அழுவது, படுக்கையில் சிறுநீர் கழிப்பது நின்ற பின் மீண்டும் வருவது, ஒருவரைக் கண்டால் மட்டும் ஒதுங்குவது, உடலில் காரணம் சொல்ல முடியாத அடையாளம், சாப்பாடு இறங்காமை ஆகியவற்றில் எதையும் பிள்ளையின் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். காயமோ வேறு தீங்கோ என்றால் முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிக் கொண்டுபோகாமல் இருந்தபடியே கொண்டுபோங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பெண்களுக்கான உதவிக்கு 1938 உண்டு. உடனடி ஆபத்தென்றால் பொலிஸின் 119. பொலிஸ் நிலையங்களில் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவு இருக்கிறது. ஊருக்குள் பேசித் தீர்ப்போம் என்று சங்கத்தவரோ உறவினரோ சொன்னாலும், பிள்ளைக்கு நேர்ந்த தீங்கை அப்படித் தீர்க்க ஒத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்பதாவது படி: முதல் இரண்டு வாரம்

வேலை தொடங்கும் நாளிலேயே பிள்ளையையும் புதிய இடத்தில் விடாதீர்கள். முதல் மூன்று நாள் நீங்களும் கூட இருந்து ஒரு மணித்தியாலம், அடுத்த மூன்று நாள் நீங்கள் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன் திரும்புதல், இரண்டாம் வாரம் உறக்கம் வரை என்று கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் உடுத்த பழைய சேலைத் துண்டு ஒன்றைப் பிள்ளை உறங்கும் பாயில் விரிக்கக் கொடுத்தால், சின்னப் பிள்ளைகள் அந்த மணத்தில் அடங்கி உறங்குவார்கள். என் மகள் அப்படித்தான் உறங்கினாள். சொல்லாமல் ஒளித்துப் போக வேண்டாம். அழுதாலும் "அம்மா வேலைக்குப் போட்டு, வெயில் தாழ வருவன்" என்று சொல்லிவிட்டே போங்கள். சொன்ன நேரத்துக்கு வந்து சேருங்கள்.

மாரி தொடங்கும் முன் ஒரு முறை எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான்பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது, பாதை துண்டிக்கப்பட்டால் பிள்ளை ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமுமாக நிற்க நேரிடும் என்பதை நாங்கள் அறிந்துகொண்டோம். ஐப்பசி பிறக்கும்போதே, மழை கடுத்தால் யார் பிள்ளையைக் கூட்டிச் செல்வது, எந்த மேட்டு நிலத்து வீட்டில் வைத்திருப்பது, தொலைபேசி வேலை செய்யாவிட்டால் எங்கே தேடுவது என்பதைப் பராமரிப்பவரோடு பேசி, அந்த வீட்டின் பெயரை அவருடைய சுவரில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.